ஹோமர் குஞ்சுகளுக்கு முதல் டாஸ்: செங்குன்றமா, நேரே கும்மிடிப்பூண்டியா?

மாதவரம்_மாடி:

அனைவருக்கும் வணக்கம். இதுவரை படித்துவிட்டுப் போனவன், இப்போதுதான் எழுதுகிறேன். மாதவரத்தில் மொட்டை மாடியில் கூண்டு கட்டி ஹோமர், அதாவது தூரத்தில் விட்டாலும் வீடு திரும்பும் பந்தயப் புறா, வளர்க்கிறேன். ஆவணியில் பொரித்த குஞ்சுகள் பத்துப் பன்னிரண்டு தேறியிருக்கின்றன. வளையம் போட்டாயிற்று, கிளப்பிலும் சேர்ந்தாயிற்று. காலையில் திறந்துவிட்டால் கூட்டமாகக் கிளம்பிக் கண்ணுக்கு எட்டாத தூரம் போய், முக்கால் மணி நேரம் கழித்து வருகின்றன. தானிய டப்பாவை ஆட்டினால் இறங்கிவிடும். இரண்டு மட்டும் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்துகொண்டு யோசிக்கும்.

மழை விட்டதும் டாஸ், அதாவது கூடையில் கொண்டுபோய்த் தூரத்தில் திறந்துவிடும் பயிற்சி, ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன். ஒருவர் பக்கத்திலிருக்கும் செங்குன்றத்தில் தொடங்கி மெல்லப் போ என்கிறார். இன்னொருவர் "நேரே கும்மிடிப்பூண்டி கொண்டுபோய் விடு, வருவது வரட்டும்" என்கிறார். எதைக் கேட்பது?

வீட்டில் வேறு அப்பா தினமும் ஆரம்பிக்கிறார், "படித்த பிள்ளை செய்கிற வேலையா இது, புறா விடுகிறானாம்" என்று. அதற்கும் யாரிடமாவது மருந்து இருந்தால் சொல்லுங்கள்.

பழைய_கடிகாரம்:

வாங்க தம்பி. செங்குன்றமா கும்மிடிப்பூண்டியா என்பதை அப்புறம் பார்ப்போம். முதலில் தொட்டி மேல் உட்காரும் அந்த இரண்டையும் சரி பண்ணுங்கள். ஓங்கோலிலிருந்து கொளுத்தும் வெயிலில் வந்த புறா மாடி மேல் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் அந்தப் பந்தயம் போச்சு. புறா வானத்தில் தெரிந்த நேரத்தை யாரும் எழுதமாட்டார்கள், கூண்டுக்குள் நுழைந்த நேரம்தான் கணக்கு.

வழி ஒன்றும் பெரிதில்லை. பறக்க விடுவதற்கு முன் தீனி போடாதீர்கள். பறந்து வந்து, டப்பா சத்தம் கேட்டு, உள்ளே நுழைந்த புறாவுக்குத்தான் தீனி. ஐந்து நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். தாமதமாக வந்தவனுக்கு அன்று காலை தண்ணீர் மட்டும், சாயங்காலம் அரை வயிறு. ஒரு வாரத்தில் திருந்திவிடும். பட்டினி போடச் சொல்லவில்லை. ஒரு புறாவுக்கு நாளைக்கு முப்பது கிராம் போல தானியம் வேண்டும், அதைக் குறைத்துக்கொண்டே போனால் மார்புச் சதை கரைந்து நெஞ்செலும்பு கத்தி மாதிரி கையில் தட்டுப்படும். கால் இரண்டையும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் இடுக்கி, கட்டைவிரலை முதுகில் வைத்துப் பிடித்துப் பழகுங்கள். தினம் கையில் எடுத்துப் பார்த்தால் எடை கூடுவதும் குறைவதும் தராசு இல்லாமலே தெரியும்.

இரண்டாவது, கூடை. டாஸுக்கு முன்னாலேயே ஓர் இரவு பந்தயக் கூடையில் அடைத்து வையுங்கள். வெளியே மாட்டியிருக்கும் தொட்டியில் தலையை நீட்டித் தண்ணீர் குடிக்கத் தெரியவேண்டும். இது யாருக்கும் முக்கியமாகப் படுவதில்லை. பல்லார்ஷா, நாக்பூர் பந்தயம் என்றால் புறா கூடைக்குள்ளேயே பல மணி நேரம் பயணம் செய்யும். குடிக்கத் தெரியாத புறா திறந்துவிடும்போதே பாதி செத்துத்தான் வெளியே வரும். அப்புறம் "ரெலீஸ் சரியில்லை" என்று சண்டை.

மூன்றாவதுதான் ரோடு. செங்குன்றம், காரனோடை, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம், சூலூர்பேட்டை, நாயுடுபேட்டை, கூடூர். ஒவ்வோர் இடத்திலும் நேராக வரும் வரைக்கும் திரும்பத் திரும்ப. அவ்வளவுதான்.

தாம்பரம்_செக்கர்:

கடிகாரம் அண்ணன் சொன்ன முதல் இரண்டுக்கும் கை எடுத்துக் கும்பிடுகிறேன். மூன்றாவதில் உடன்பாடு இல்லை.

குஞ்சு தானாகவே முக்கால் மணி நேரம் காணாமல் போய் வருகிறது என்கிறார். மணிக்கு அறுபது கிலோமீட்டர் பறக்கக்கூடிய பறவை அத்தனை நேரம் எங்கே போயிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? செங்குன்றத்தை ஏற்கனவே சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கும். அதைக் கூடையில் போட்டு ஸ்கூட்டரில் செங்குன்றம் கொண்டுபோய் விடுவது பெட்ரோலுக்குப் பிடித்த கேடு. நான் முதல் டாஸே இருபத்தைந்து, முப்பது கிலோமீட்டரில்தான் போடுவேன். நல்ல வெயில், காற்று கம்மியான நாளாகப் பார்த்துப் போட்டால் போதும்.

புறா கடை கடையாக மனப்பாடம் செய்துகொண்டு வருவதில்லை அண்ணே. சூரியன் இருக்கும் இடமும் நேரமும் அதற்குத் தெரியும். அமெரிக்காவில் கீட்டன் என்ற விஞ்ஞானி புறா மேல் சின்னக் காந்தத்தை ஒட்டி விட்டுப் பார்த்தார், 1971இல் கட்டுரை வந்தது. வெயில் நாளில் காந்தத்தோடும் சரியாகப் போயிற்று, மேகம் மூடிய நாளில் காந்தம் கட்டிய புறாக்கள் திசை தெரியாமல் தடுமாறின. சூரியன் இல்லாவிட்டால் பூமியின் காந்தம் என்று அதனிடம் இரண்டு திசைகாட்டி இருக்கிறது.

பழைய_கடிகாரம்:

திசைகாட்டி இருந்தால் போதுமா? எந்தத் திசை வீடு என்று தெரிந்தால்தானே அதைப் பார்க்க முடியும். உங்கள் விஞ்ஞானிகளே இங்கிலாந்தில் ஜிபிஎஸ் கட்டி விட்டுப் பார்த்தார்களே, பழகிய பகுதிக்குள் வந்ததும் புறா நெடுஞ்சாலையைப் பிடித்துக்கொண்டு வந்தது, ரவுண்டானாவில் திரும்பிக்கூட வந்தது என்று. ஆக்ஸ்போர்டுக்காரர்கள் செய்தது. நம் ஊரில் கல்கத்தா ரோடும் ரயில் லைனும் பக்கம் பக்கமாக வடக்கே போகின்றன. கும்மிடிப்பூண்டி தாண்டினால் ஒரு பக்கம் பழவேற்காடு ஏரி. இவ்வளவு அடையாளம் கொட்டிக் கிடக்கும்போது குஞ்சுக்கு அதைக் காட்டிவிடுவதில் என்ன நஷ்டம்? பெட்ரோல்தானே.

ஆண்ட்வெர்ப்_தமிழன்:

நடுவில் மூக்கை நுழைக்கிறேன். நான் வேலை பார்ப்பது பெல்ஜியத்தில், பக்கத்து வீட்டுத் தாத்தா புறாக்காரர். இங்கேயும் இதே சண்டைதான், பீர் கிளாஸோடு. இவர்கள் குஞ்சுகளை ஐந்து, பத்து, இருபது என்று படிப்படியாகத்தான் கொண்டுபோகிறார்கள். ஆனால் ஊர் சின்னது, நாலு பேர் சேர்ந்து ஒரே வண்டியில் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். புறா எங்கே எத்தனை மணிக்குத் திறக்கப்பட்டது என்று வானொலியில் அறிவிப்பு வந்த நாடு இது. அந்த நேரம் வந்தால் பாட்டி யாரையும் பேசவிடமாட்டாராம்.

நேரம் பதியும் பந்தயக் கடிகாரம் புழக்கத்துக்கு வருவதற்கு முன்னால், புறா வந்ததும் அதைப் பையில் போட்டுக்கொண்டு கிளப்புக்கு ஓடுவார்களாம். அதனால் நன்றாக ஓடும் பையன்களுக்கு ஊரில் கிராக்கி என்று தாத்தா சொன்னார்.

தண்டையார்பேட்டை_டவர்:

ஆண்ட்வெர்ப் அண்ணா, 2020இல் நியூ கிம் என்ற பெட்டை 16 லட்சம் யூரோவுக்கு ஏலம் போனதே, அந்த மாதிரி புறா ஒன்றை சூட்கேஸில் போட்டுக் கொண்டுவர முடியுமா 😄

ஆண்ட்வெர்ப்_தமிழன்:

அந்தப் பெட்டையை வாங்கினவர் இனிப் பந்தயத்துக்கு விடவா போகிறார்? இனப்பெருக்கத்துக்குத்தான். போன கூண்டுக்குள்ளேயே முட்டை வைத்துக்கொண்டிருக்கும். வளர்ந்த பறவையை வேறு ஊரில் திறந்துவிட்டால் பழைய வீட்டைத் தேடித்தான் கிளம்பும். உங்கள் மாடிக்கு வந்து நிற்காது. அதனால் சூட்கேஸ் வேண்டாம்.

தாம்பரம்_செக்கர்:

சரியாகச் சொன்னார். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் ஜேன்சன், ஹூபன் என்று இறக்குமதிப் புறா வம்சங்களின் பேர் கேட்டுக்கொண்டு அலைகிறார்கள். அப்புறம் பூதக்கண்ணாடி வாங்கிக் கண்ணைப் பார்க்கிறார்கள். கண்மணியைச் சுற்றி வளையம் எப்படி, நிறம் எப்படி என்று பார்த்தே இது 500 கிலோமீட்டர் புறா என்று சொல்லிவிடுவார்கள் சில பெரியவர்கள். கூடையில் கொண்டுபோய் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும் ஐயா. எது வருகிறதோ அது நல்ல புறா.

பழைய_கடிகாரம்:

கண் பார்க்கிறவர்களைக் கிண்டல் பண்ணாதீர்கள், நானும் பார்ப்பேன். கண்ணில் தெளிவும் பளபளப்பும் இருந்தால் புறா ஆரோக்கியமாக இருக்கிறது என்று தெரியும். அதற்கு மேல் அது ஜோசியம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

கால்நடை_கை:

நான் கால்நடை மருத்துவன், பந்தயக்காரன் அல்ல. டாஸ் போடுவதற்கு முன் இதையும் பார்த்துவிடுங்கள். இறக்கையை விரித்துப் பெரிய பறப்பு இறகுகள் பத்தையும் எண்ணுங்கள். வெளிப்பக்க இறகுகளில் ஒன்று விழுந்து புதியது பாதி வளர்ந்த நிலையில் இருந்தால் அந்தக் குஞ்சு சூலூர்பேட்டை தாண்ட வேண்டாம், காத்திருக்கட்டும். வாயைத் திறந்து பாருங்கள், தொண்டையில் மஞ்சளாகப் பாலாடை மாதிரி படிந்திருந்தால் அது கேங்கர் என்ற தொண்டை நோய். சாப்பிடும், பறக்கும், ஆனால் தூரம் போனால் மூச்சு வாங்கும். அலகு ஓரத்திலும் கண்ணைச் சுற்றியும் மரு மாதிரி அம்மைக்கொப்புளம் இருந்தால் மற்ற புறாக்களோடு கூடையில் போடவே கூடாது. பொதுக்கூடையில் ஒருவர் புறாவின் நோய் ஊர் முழுக்கப் பரவும். கழுத்து திருகிக்கொள்ளும் வைரஸ் நோய்க்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று உங்கள் கிளப் கேட்காவிட்டாலும் நீங்களே கேளுங்கள். எல்லாரும் போட்டிருந்தால்தான் உங்கள் புறாவுக்கும் பாதுகாப்பு.

தூரம் கூடக் கூட நிலக்கடலையும் மக்காச்சோளமும் கொஞ்சம் சேருங்கள், கொழுப்புதான் நீண்ட பறப்புக்கு எரிபொருள். உள்ளூர் டாஸுக்கு அதெல்லாம் வேண்டாம், கம்பு, சோளம், பச்சைப்பயறு போதும்.

மாதவரம்_மாடி:

எல்லோருக்கும் நன்றி. டாக்டர் சொன்னபடி ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தேன், வாய் சுத்தம். ஒன்றுக்கு மட்டும் கடைசிக்கு முந்தைய இறகு ரத்தக்குழாயோடு நீலமாக முளைத்துக்கொண்டிருக்கிறது. அதை விட்டுவிடுகிறேன்.

இன்னொரு சந்தேகம். எல்லாவற்றையும் ஒன்றாகத் திறப்பதா, தனித்தனியாகவா?

தாம்பரம்_செக்கர்:

முதலில் ஒன்றாக. கூடூர் போகும் வரைக்கும் கூட்டம் தைரியம் தரும். அப்புறம் இரண்டிரண்டாக, கடைசியில் ஒற்றையாக. கூட்டத்தோடு மட்டும் வந்து பழகிய புறா பந்தயத்தில் என்ன செய்யும் தெரியுமா? பத்து கிளப் புறாக்களும் ஒன்றாக வரும்போது அடுத்தவன் புறா எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் திரும்பும். என் வீடு தாம்பரம். கூட்டத்தில் பாதி ராயபுரம், வியாசர்பாடி என்று வடக்கிலேயே கழன்றுவிடும். அங்கே கூட்டத்தை விட்டுத் தனியாகத் தெற்கே வர நெஞ்சுரம் வேண்டும்.

வீட்டுக்கு வீடு தூரம் வேறுபடுவதால்தான் வேகக்கணக்கு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். புதியவருக்காகச் சொல்கிறேன். ஓங்கோலில் காலை 6:15க்குத் திறக்கிறார்கள் என்று வையுங்கள். தண்டையார்பேட்டைக்கு நேர்க்கோட்டில் 264 கிலோமீட்டர் போல வரும். அங்கே ஒரு புறா 10:15க்கு நுழைகிறது. 240 நிமிடம், நிமிடத்துக்கு 1100 மீட்டர். தாம்பரத்துக்கு 286 கிலோமீட்டர். என் புறா 10:33க்கு வருகிறது. 258 நிமிடம், 1108 மீட்டர். பதினெட்டு நிமிடம் பிந்தி வந்தாலும் நான்தான் முதல்.

தண்டையார்பேட்டை_டவர்:

பின்காற்று அடிக்கும் நாளில் உங்களுக்குத் தூரம் கூடுதலாக இருப்பதே லாபம் என்பதையும் சொல்லிவிடுங்கள். கடைசி இருபது கிலோமீட்டரைத் தள்ளிவிட்டதே காற்றுதானே 😏

தாம்பரம்_செக்கர்:

தை மாதத்தில் வடகிழக்குக் காற்று இருக்கும்போது அப்படித்தான். பங்குனியில் தெற்கிலிருந்து கடல்காற்று கிளம்பி எதிரே அடிக்குமே, அப்போது அந்த இருபது கிலோமீட்டரை என் புறா எப்படிக் கடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. ரெண்டும் ஒன்றுக்கொன்று சரியாய்ப் போச்சு.

தண்டையார்பேட்டை_டவர்:

சரி சரி. இன்னொரு விஷயம், தலைப்புக்குக் கொஞ்சம் வெளியே. நேற்று மாலை என் கூண்டுக்கு ஒரு சிவப்பு செக்கர் (கட்டம் போட்ட இறக்கைப் புறா) வந்து உட்கார்ந்தது. காலில் கிளப் வளையம். ஒரு பக்க இறக்கையின் அடியில் மாஞ்சா நூல் அறுத்த காயம், ரத்தம் காய்ந்திருக்கிறது. தண்ணீர் காட்டினேன், நிற்காமல் குடித்தது. பக்கத்துத் தெரு நண்பர் "நல்ல சைஸ், ஜோடி போட்டுக்கோ" என்கிறார். வானத்தில் விட்டது தானாக வந்து இறங்கினால் இறங்கினவன் சொத்து என்பது அவர் வாதம். நான் வளைய எண்ணை எடுத்துச் செயலாளருக்கு அனுப்பிவிட்டேன். மற்றவர்கள் என்ன செய்வீர்கள்?

பழைய_கடிகாரம்:

நீங்கள் செய்ததைத்தான். உங்கள் நண்பர் பேசுவது வேறு விளையாட்டின் சட்டம். தில்லிப் பக்கம் கபூத்தர்பாஜியில் எதிராளி புறாவை நம் கூட்டத்தோடு மயக்கி இறக்கிப் பிடிப்பதே ஆட்டம். நம் ஊரில் குட்டிக்கரணம் போடும் கர்ணப் புறா விடுகிறவர்களிலும் அந்தப் பழக்கம் கொஞ்சம் உண்டு. அது அவர்களுக்குள் ஒப்புக்கொண்ட விதி, தப்பு சொல்லமாட்டேன். ஹோமரில் அது திருட்டு.

ஏன் என்றால், நாங்கள் புறாவைக் கொண்டுபோய் நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் விட்டுவிட்டு இங்கே மாடியில் உட்கார்ந்திருக்கிறோம். விஜயவாடாவிலிருந்து வரும் வழியில் கிருஷ்ணா, வடபெண்ணை ஆறுகள், எத்தனை ஊர், எத்தனை கூண்டு. வேட்டைப் பறவையான பைரி ஒன்று எங்கோ கோபுரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். களைத்துப்போன புறா யார் மாடியில் இறங்கினாலும் அவர் தண்ணீர் வைத்து, ஓர் இரவு தங்கவைத்து, காலையில் விட்டுவிடுவார் என்கிற நம்பிக்கையில்தான் கூடையில் போடுகிறோம். எல்லோரும் உங்கள் பக்கத்துத் தெருக்காரர் மாதிரி இருந்தால் நூறு கிலோமீட்டர் பந்தயம்கூட நடத்த முடியாது.

மாதவரம்_மாடி:

வளர்த்துக்கொண்டால் அது வேறு கூண்டில் தங்குமா?

பழைய_கடிகாரம்:

ஜோடி போட்டு முட்டை வைத்தால் தங்கலாம். திறந்துவிட்டால் போயும்விடலாம். தங்கினாலும் அதன் வளையத்தைத் தினமும் பார்க்கவேண்டியது அந்த ஆள்தானே.

வியாசர்பாடி_மீலி:

அந்தச் சிவப்பு செக்கர் என்னுடையது!! செயலாளர் இப்போதுதான் கூப்பிட்டுச் சொன்னார். ஐந்தாம் நாளாகக் காணோம், கைகழுவிவிட்டேன். சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்கிறேன் டவர் அண்ணே. ஒரு கிலோ பட்டாணியோடு வருகிறேன்.

தண்டையார்பேட்டை_டவர்:

பட்டாணி வேண்டாம், அதன் குஞ்சு ஒன்று கொடுங்கள். அந்த மார்பும் முதுகும் எனக்குப் பிடித்துவிட்டது.

வியாசர்பாடி_மீலி:

காயம் ஆறட்டும், இந்த வருடம் பந்தயம் கிடையாது. ஜோடி போட்டு முதல் ஈட்டுக் குஞ்சில் ஒன்று உங்களுக்கு. வளையத்தை நீங்களே கொண்டுவந்து பொரித்த ஏழாம் நாள் போட்டுக்கொள்ளுங்கள்.

மட்டுறுத்துநர்:

நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி. வளைய எண், முகவரி, கைபேசி எண் எதையும் பொதுவில் போடவேண்டாம், தனிச்செய்தியில் வைத்துக்கொள்ளுங்கள். இனி டாஸ் பற்றிப் பேசுவோம்.

தாம்பரம்_செக்கர்:

ஒன்று மட்டும் சொல்லிவிட்டுத் தலைப்புக்கு வருகிறேன். சில வருடம் முன்னால் எங்கள் கிளப்பில் ஒருவருக்கு நாக்பூர் பந்தயத்துக்குப் புறா கூடையில் ஏற்றின மறுநாள் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். வீட்டில் இருந்தவர்களுக்குப் புறாவைத் தொடத் தெரியாது. அந்த வருடம் அவரும் நானும்தான் சராசரிக் கோப்பைக்கு மோதிக்கொண்டிருந்தோம், பேச்சுவார்த்தைகூடச் சரியாக இல்லை. என் மாடிக்கு என் மைத்துனனை உட்காரவைத்துவிட்டு அவர் மாடியில் போய் நான் உட்கார்ந்தேன். நாக்பூர் நேர்க்கோட்டில் தொள்ளாயிரம் கிலோமீட்டர், அன்றைக்கே வராது. மறுநாள் மத்தியானம் அவருடைய நீலப் பட்டைப் பெட்டை ஒரு சுற்றுகூடச் சுற்றாமல் அம்பு மாதிரி இறங்கியது. காலிலிருந்த ரப்பர் வளையத்தைக் கழற்றிப் பந்தயக் கடிகாரத்தில் போட்டு அழுத்தியவன் நான். என் புறா முக்கால் மணி நேரம் கழித்து வந்தது. கோப்பை அவருக்கு.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொன்னேன். "உள்ளே நுழைய எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது?" என்றுதான் கேட்டார்.

பழைய_கடிகாரம்:

அந்த ஆளை எனக்குத் தெரியும். இன்னமும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்.

மாதவரம்_மாடி:

படித்துச் சிரித்துவிட்டேன். அப்பாவிடம் சொல்ல ஏதாவது கேட்டிருந்தேனே, யாரும் பதில் சொல்லவில்லை.

பழைய_கடிகாரம்:

ஒடிசா காவல்துறையின் புறாத் தபாலைச் சொல்லுங்கள். 1946இல் ராணுவத்திடமிருந்து இருநூறு புறா வாங்கி ஆரம்பித்தார்கள். 1948இல் நேரு சம்பல்பூரிலிருந்து கட்டாக்குக்குத் தகவல் அனுப்பியது புறாவில்தான். 1999 பெரும்புயலில் தொலைபேசியும் வயர்லெஸும் விழுந்துவிட்ட இடங்களுக்கும் புறாதான் போய்வந்தது. அரசாங்கச் சம்பளம் வாங்கிய பறவை என்றால் அப்பா கொஞ்சம் யோசிப்பார்.

தாம்பரம்_செக்கர்:

அல்லது ஒரு தடவை அப்பாவையும் டாஸுக்கு அழைத்துப்போங்கள். கூடைக் கதவை அவர் கையால் திறக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து பார்க்கும்போது புறா முன்னாலேயே வந்து தட்டைச் சுற்றிக்கொண்டிருந்தால் அப்புறம் அவரே கம்பு வாங்கி வருவார்.

மாதவரம்_மாடி:

முயன்று பார்க்கிறேன். முடிவாக, முதலில் செங்குன்றத்தில் ஓரிரு தடவை, நேரே வந்தால் அங்கிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ஒரே தாவல். இடையில் உள்ள ஊர்களை விட்டுவிடுகிறேன். இரண்டு பேர் பேச்சையும் பாதிப் பாதி கேட்டதாக இருக்கட்டும்.

பழைய_கடிகாரம்:

கவரைப்பேட்டையை விடாதீர்கள்.

தாம்பரம்_செக்கர்:

விடலாம். விடியும்போது பனி மூட்டம் இருந்தால் மட்டும் கூடையைத் திறக்காதீர்கள், கலையும் வரைக்கும் டீ குடித்துக்கொண்டு காத்திருங்கள். தூறல் இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

தண்டையார்பேட்டை_டவர்:

வருகிற ஞாயிறு விடியற்காலை நாங்கள் நாலு பேர் டெம்போவில் சூலூர்பேட்டை போகிறோம். கும்மிடிப்பூண்டி வழிதான். மாதவரம் ரவுண்டானாவில் ஏறிக்கொள்ளலாம், ஒரு கூடைக்கு இடம் இருக்கிறது. டீசல் பங்கு உண்டு. அப்பா வந்தால் முன் சீட்.

மாதவரம்_மாடி:

செங்குன்றம் டாஸை அதற்குள் முடித்துவிடுகிறேன் அண்ணே. எத்தனை மணிக்கு நிற்கவேண்டும்?

தண்டையார்பேட்டை_டவர்:

நாலு. கூடைக்குள் வைக்கோல் போடாதீர்கள், மரத்தூள் போடுங்கள். போன தடவை டெம்போ முழுக்க வைக்கோல்.